எந்த வயசுல ஆரம்பிச்சது?

எங்கள் மில் டிஸ்பென்சரிக்குப் போய் யாரும் எடுத்த எடுப்பில் தன் நோயைச் சொல்லிவிட முடியாது. "தலை வலிக்குது சிஸ்டர்" என்று வாயைத் திறந்தால், அங்கிருந்த நர்ஸ், "வலி இருக்கட்டும், உமக்கு என்ன வயசு?" என்பார். வயதைச் சொன்னதும் அடுத்த கேள்வி விழும். "எந்த வயசுல ஆரம்பிச்சது?" இந்த இரண்டுக்கும் பதில் வந்த பிறகுதான் நாக்கை நீட்டச் சொல்வார், நாடி பிடிப்பார். ராஜபாளையத்தில் அந்த மில்லில் வேலை பார்த்த அத்தனை பேரும் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். மில்லுக்குள் எனக்கும் சிஸ்டர்தான். பஸ்ஸில் மட்டும் அக்கா.

நான் டைம் ஆபீஸில் கிளார்க். யார் எந்த ஷிப்ட், யார் எந்த வருஷம் சேர்ந்தார், சேரும்போது என்ன வயது என்கிற விவரமெல்லாம் என் அலமாரியில் இருக்கும். எண்பத்திமூன்றில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு, அவருக்கு முப்பத்தொன்று. இரண்டு பேருக்கும் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். காலையில் ஒரே பஸ்ஸில் போவோம், சாயங்காலம் ஒரே பஸ்ஸில் திரும்புவோம்.

அவரோடு பஸ்ஸில் போவது ஒரு தண்டனை. உட்கார இடம் இருந்தாலும் நிற்பார். நின்றாலும் ஒரு காலில் நிற்க மாட்டார், மாற்றி மாற்றி ஊன்றுவார். டிக்கெட்டை வாங்கினால் மடிப்பார், பிரிப்பார், மறுபடி மடிப்பார். இறங்குவதற்குள் அது திரியாகியிருக்கும். கையை முகத்துக்கு நேராக நீட்டி விரல்களைப் பார்ப்பார். எனக்கு இயல்பிலேயே பொறுமை கிடையாது. ஒருநாள் சொல்லியே விட்டேன்.

"செத்த நேரம் சும்மா இருங்கக்கா. பாக்கிற எனக்கே கிறுகிறுன்னு வருது."

"சும்மா இருக்கத்தான்ட்டி பாக்கேன்" என்றார்.

கிண்டலாகச் சொல்கிறார் என்று சிரித்து வைத்தேன். அது கிண்டல் இல்லை என்று தெரிய ஒரு வருஷம் ஆனது.

டிஸ்பென்சரியிலும் ஒரு வினோதப் பழக்கம் வைத்திருந்தார். காலையில் கதவைத் திறந்ததும் அவுன்ஸ் கிளாஸில் தண்ணீரைத் தளும்பத் தளும்ப ஊற்றி, அலமாரியிலிருந்து ஜன்னல் வரை நடப்பார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை என்றால் முகம் தெளியும். பிறகு ஊசியில் நூல் கோப்பார். ஒரே முறையில் கோத்துவிட்டால், அந்த நூலை உருவி எறிந்துவிட்டு வேலையைத் தொடங்குவார். பூஜை மாதிரி ஒரு நாள் விடாமல் நடக்கும். நான் ஜன்னல் வழியாகப் பார்ப்பதை அவர் கண்டுகொண்டதில்லை.

ஆனால் அந்த வயதுக் கேள்வியில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங் பிரிவிலிருந்து ஒரு நாற்பது வயதுக்காரர் மூச்சு முட்டுகிறது என்று வந்தார். பீடி, சிகரெட் எதுவும் கிடையாது.

"மில்லுக்கு எந்த வயசுல வந்தீரு?"

"பதினெட்டு சிஸ்டர்."

"லீவு முடிஞ்சு வார மொத நாளுதான முட்டுது? பொறவு நாளாக நாளாகக் கொறையுதா?"

அவர் குடுகுடுப்பைக்காரனைப் பார்ப்பதுபோல் சிஸ்டரைப் பார்த்தார்.

"இதுல உம்ம வயசைப் பாக்கக் கூடாது, பஞ்சுத் தூசியோட வயசைப் பாக்கணும். உம்ம நெஞ்சுக்குள்ள அதுக்கு இருபத்திரெண்டு வயசு ஆச்சு" என்றார். அதோடு விடவில்லை. சூப்பர்வைசரிடம் போய்ச் சண்டை போட்டு, அவரைத் தூசி இல்லாத இடத்துக்கு மாற்ற வைத்தார்.

நூல் சுற்றுகிற வைண்டிங்கில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி. படி ஏறினால் இளைப்பு. பெண்கள் கூடிக் கூடிப் பேசினார்கள், மாசம் எத்தனை என்று விரலை மடக்கி எண்ணியவர்கள்கூட உண்டு. அவள் அம்மா அழுதுகொண்டே டிஸ்பென்சரிக்கு இழுத்து வந்தாள். சிஸ்டர் அந்தப் பேச்சையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

"பத்து வயசு வாக்குல இவளுக்குத் தொண்டை வலிச்சுக் காய்ச்சல் வந்திச்சா? பொறவு முட்டி வீங்குச்சா?"

"ஆமா தாயி. ஒரு முட்டி வடிஞ்சா இன்னொரு முட்டி. ஒரு மாசம் பள்ளிக்கூடம் போகல."

"அன்னைக்கு முட்டியத்தான் பாத்திய. அது நெஞ்சுலயும் கை வச்சிட்டுப் போயிருக்கு. இம்புட்டு நாள் கழிச்சு இப்பம் தெரியுது." மதுரைக்கு எழுதிக் கொடுத்தார். இருதயத்தில் வால்வு சுருங்கியிருக்கிறது என்று அங்கே சொன்னார்கள். விரல் மடக்கியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

முப்பத்தெட்டு வயது மேஸ்திரி ஒருவர் வாயுத்தொல்லை என்று சோடாவும் கையுமாக வந்தபோதும், "உங்க அப்பாவுக்கு நெஞ்சுவலி எந்த வயசுல?" என்றுதான் கேட்டார். நாற்பத்திரண்டு என்று பதில் வந்ததும் சோடாவைப் பிடுங்கி வைத்துவிட்டு வேனைக் கூப்பிட்டார். ஆள் பிழைத்தார். அவர் மனைவி நன்றி சொல்ல வந்தவள், "எனக்கும் இது வருமா சிஸ்டர்?" என்று கேட்டாள். "மாசாமாசம் தூரம் வாரவரைக்கும் பொம்பளைக்குக் கொஞ்சம் காவல் இருக்கு. அது நின்ன பொறவு ஒங்களுக்கும் அவருக்கும் ஒரே வழிதான்" என்றார். இப்படி ஆறுதலில்லாமல் பேசுவதில் அவருக்கு நிகர் அவரேதான். ஆனாலும் மறுநாளும் கூட்டம் வரும்.

ஒருநாள் அவர் வேலைக்கு வரவில்லை. மறுநாளும் இல்லை. வீட்டைத் தேடிக்கொண்டு போனேன். முன்னறையில் பாயில் ஒருவர் கிடந்தார். எறும்பை உதறுகிறவர்போல அவருடைய கையும் காலும் ஓயாமல் உதறின. முகம் சுளிந்தது, புருவம் ஏறியது, நாக்கு வெளியே வந்து போனது. வயதான அம்மா ஒரு கையால் அவர் தாடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கஞ்சி ஊட்டினார். பாதி வாய்க்குள் போனது, பாதி பாயில் விழுந்தது.

"எங்க அண்ணன்" என்றார் சிஸ்டர். "முப்பத்திமூணுல ஆரம்பிச்சது. எங்க அப்பாவுக்கு நாப்பத்தொண்ணு. எனக்கு இன்னும் இல்ல."

அந்த 'இன்னும்' என்ற சொல்லில்தான் எல்லாம் இருந்தது. தண்ணீர் தளும்பிய கிளாஸும் ஊசியும் நூலும் எதற்கென்று அந்த வாசலில் நிற்கும்போதே புரிந்துவிட்டது. சும்மா இருங்கள் என்று நான் எத்தனை தடவை அதட்டியிருப்பேன்! வீட்டுக்குப் போய் அழுதேன்.

அவர் அப்பாவும் எங்கள் மில்லில்தான் இருந்தார். கை உதறத் தொடங்கியதும் குடிகாரன் என்றார்கள். கண்டக்டர் நடுவழியில் இறக்கிவிட்டார். தேரோட்டத்தன்று கூட்டத்தில் ஒரு பெண்மேல் கை பட்டுவிட, நாலு பேர் சேர்ந்து அடித்தார்கள். வாழ்க்கையில் ஒரு துளி குடித்தறியாத மனிதர். மில்லில் வேலையை விட்டு நிறுத்திய காகிதத்தில் வயது நாற்பத்தொன்று என்று எழுதியிருந்தது. சிஸ்டர் அந்த எண்ணைத்தான் பிடித்துக்கொண்டார். அண்ணனுக்கும் உதறல் வந்த பிறகு மதுரைக்குக் கூட்டிப் போய்ப் பெரிய டாக்டர் ஒருவரைப் பார்த்தார். இது வம்சத்தில் வருவது, பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும், வராது என்பது பாதிக்குப் பாதி என்று அவர் சொல்லியிருக்கிறார். அப்பன் வழியாக வந்தால் சில வீடுகளில் பிள்ளைக்கு இன்னும் சீக்கிரமே வருமாம். முன்கூட்டிப் பார்த்துச் சொல்லச் சோதனை எதுவும் அப்போது இல்லை.

அடுத்த வாரம் பஸ்ஸில் நானே கேட்டேன். "ஏங்கக்கா ஒவ்வொரு வியாதிக்கும் ஒவ்வொரு வயசு?"

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பிடியை மாற்றி மாற்றிச் சொன்னார். "சிலது தொடுதப்பவே காட்டிரும். சிலது உள்ள புகுந்து வருசக்கணக்கா ஒக்காந்துக்கிரும், தூசி மாதிரி. சிலது தேயத் தேய வருது, முட்டி வலி, கண்ணுல புரை. தாய்மாமனக் கட்டுன வீட்டுல ரெண்டு பக்கமும் ஒரே எடத்துல கிழிசல் இருந்தா, ஒட்டுப் போட மறுபக்கத் துணி இல்ல. பிள்ளைக்கு நடக்கிற வயசுலயே தெரிஞ்சிரும்."

"அப்பம் ஒங்க வீட்டுது?"

"எங்க வீட்டுது சூதானமானதுட்டி. சின்ன வயசுல வார கொடிய வியாதி ஆளையும் கொண்டுபோகும், அதோட அதுவும் போயிரும். பிள்ளை பெத்தாத்தான மேல போக? இது பொறக்கும்போதே கூட வருது. வந்து பேசாம இருக்குது. கல்யாணம் முடிய விட்டு, பிள்ளை பெற விட்டு, அந்தப் பிள்ளை கையில தன்னக் குடுத்திட்டு, பொறவுதான் ஆளத் தொடுது. பிந்தி வாரதுனாலதான் இன்னும் ஒழியாம இருக்கு." கம்பியை விட்டுவிட்டு டிக்கெட்டை மடித்தார். "அதுனால நான் கல்யாணம் முடிக்கல. என்னோட நிக்கட்டும்."

அவரைக் கல்யாணம் செய்துகொள்ள ஒருவர் காத்திருந்தார் என்பதுதான் இதில் கஷ்டம். மில் எலக்ட்ரீசியன். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். மனைவியை இழந்தவர், பிள்ளை கிடையாது. சிஸ்டர் எதையும் மறைக்கவில்லை. அண்ணனை நேரில் கூட்டிப் போய்க் காட்டினார். அவர் பார்த்துவிட்டு வந்து, "நல்லா இருந்த என் பொஞ்சாதியே மூணு நாள் காய்ச்சல்ல போயிட்டா சிஸ்டர். யாரு எந்த வயசுக்கு உத்தரவாதம் குடுக்கா?" என்றார். சிஸ்டர் அசையவில்லை. "எனக்கு நாப்பத்தொண்ணு தாண்டட்டும். தாண்டிட்டா யோசிக்கேன்." அவரும் சரி என்று காத்திருந்தார். இப்படியும் ஒரு மனிதன் இருப்பானா என்று எனக்கு எரிச்சலாக வரும். நாற்பத்தொன்று தாண்டிய பிறகு எப்போது பிள்ளை பெறுவது? அந்த மனுஷிக்குப் பிள்ளைகள் என்றால் உயிர். வேலைக்கு வரும் பெண்களின் கைக்குழந்தைகளைத் தூக்கிவிட்டு உடனே இறக்கிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

தொண்ணூற்றொன்றில் பழைய பைல்களை வேறு அறைக்கு மாற்றச் சொன்னார்கள். அதில் அவர் அப்பாவின் பைல் கையில் கிடைத்தது. சேர்ந்தபோது வயது பதினெட்டு. மீசை இல்லாத சிறிய முகம், பையனைப் போல இருந்தார். எனக்குப் பொறி தட்டியது. எங்கள் மில்லில் இதற்குக் 'கேட் வயசு' என்று பெயர். பழைய ஆட்களில் பாதிப் பேர் பதினாலு வயதில் மையால் மீசை வரைந்துகொண்டு வந்து பதினெட்டு என்று சொல்லிச் சேர்ந்தவர்கள். பல்லைப் பார்த்துவிட்டு டாக்டரும் கையெழுத்துப் போட்டுவிடுவார். ரிட்டையர் ஆகும்போது, "என் கேட் வயசு வேற, நெச வயசு வேற" என்று என் மேஜை முன்னால் வந்து நிற்காதவர் குறைவு. எல்லாருக்கும் நான் கண்ணை மூடிக்கொண்டு நாலு வருஷம் கழிப்பேன்.

அன்றும் கழித்தேன். நாற்பத்தொன்றில் நாலு போனால் முப்பத்தேழு.

டிஸ்பென்சரிக்கு ஓடினேன். "அக்கா, ஒங்க அப்பாவுக்கு அது வந்தது நாப்பத்தொண்ணுல இல்ல, முப்பத்தேழுல. கேட் வயசுக்கா! ஒங்களுக்கு இப்பம் முப்பத்தொம்பது. நீங்க தாண்டிட்டிய!"

அவர் கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தார். "நெசமாவா?" என்றார். பிறகும் "நெசமாவா?" என்றார். மூன்றாவது முறை கேட்கும்போது குரலே இல்லை. ஊரார் வயதையெல்லாம் சல்லடை போட்டுச் சலிக்கிறவர், அப்பாவும் வயதைக் கூட்டித்தான் சொன்னார் என்பது உனக்கு எப்படித் தெரியும் என்று என்னைக் கேட்கவில்லை. அம்மாவிடம் போய் விசாரிக்கவுமில்லை. நாற்பத்தொன்றே ஆனாலும் அது கோடு ஆகாது, அப்பனுக்கும் மகனுக்குமே இத்தனை வித்தியாசம் என்று அவருக்குத் தெரியாதா? நான் சொன்னதை மெல்லாமல் விழுங்கிவிட்டார். மறு மாதமே கல்யாணம். எலக்ட்ரீசியன் ஸ்ரீவில்லிபுத்தூருக்கே குடிவந்து, மச்சினனைக் குளிப்பாட்டுகிற வேலையையும் எடுத்துக்கொண்டார். நாற்பதாவது வயதில் சிஸ்டருக்குப் பெண் பிறந்தது.

அதிசயம் என்னவென்றால், அந்தக் கால் மாற்றலும் டிக்கெட் மடிப்பும் எல்லாம் நின்றுபோயின. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் கையை வைத்துக்கொண்டு வருவார். சில நாள் தூங்கிவிடுவார். காலையில் கிளாஸோடு நடக்கிற நடையும் இல்லை. இத்தனை வருஷமும் அவரை ஆட்டியது பயம் மட்டும்தான் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம், அவ்வளவு கர்வம். என்னால் ஆனதல்லவா!

அந்தக் கர்வம் காதுகுத்து வரைக்கும்தான் நீடித்தது. குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்த வேண்டும். தாய்மாமன் உள்ளே பாயில் உதறிக்கொண்டு கிடந்தார். அதனால் சிஸ்டரின் அம்மாவுக்குத் தம்பி, கூமாப்பட்டிக்காரர், மடியில் வைத்துக்கொண்டார். பிறகு பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்து பழங்கதை பேசினார்.

"எங்க மச்சான் லேசுப்பட்ட ஆளா? மில்லுல பதினெட்டு வயசுப் பயலுவளத்தான் வேலை பழக எடுக்கான்னு சொன்னாவ. இவருக்கு அப்பம் இருபத்திரெண்டு முடிஞ்சிட்டு, கையில ஆம்பளப் பிள்ளை வேற. ஏலே, மீசைய எடுத்து விடுலேன்னு எங்கிட்டதான் வந்து நின்னாரு. நாந்தான் சிரைச்சு விட்டேன். பச்சப் பிள்ளை மாதிரி போயி நின்னு பதினெட்டுன்னு சேந்துட்டாரு!"

எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் மறுபடி கணக்குப் போட்டேன். கழித்திருக்கக் கூடாது, கூட்டியிருக்க வேண்டும். அப்பாவுக்கு ஆரம்பித்தது நாற்பத்தைந்தில். சிஸ்டருக்கு அப்போது நாற்பத்தொன்று. அடுத்த அறையில் குழந்தையின் அழுகையை அமர்த்திக்கொண்டு, காதில் வைத்த சந்தனம் தன் கன்னத்தில் ஒட்ட, அவர் சிரிப்பது கதவு வழியே தெரிந்தது.

நான் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகும், பிறந்த பிள்ளையைத் திருப்பி அனுப்பவா முடியும் என்று எனக்கு நானே வாதாடினேன். அது நொண்டிச் சாக்கு. உண்மையில் அவர் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அன்றிலிருந்து சும்மா இருக்க முடியாமல் போனது எனக்குத்தான். பஸ்ஸில் அவர் தூங்குவார், நான் அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டு வருவேன். காபி டம்ளரை வாங்கும்போது பார்ப்பேன். கையெழுத்துப் போடும்போது பார்ப்பேன். ஒரு விரல் துடித்தால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. நாற்பத்திரண்டு போனது, நாற்பத்திமூன்று போனது. நடுவில் அண்ணன் இறந்துபோனார். நாற்பத்தைந்தும் போனபோது, ஆண்டவனே தாண்டிவிட்டார் என்று நான் தனியாக ஒரு தேங்காய் உடைத்தேன்.

தொண்ணூற்றெட்டில் ஒரு சாயங்காலம் பஸ்ஸில் அவருடைய வலது கட்டைவிரல் மடியில் தானாக எழும்பி அமர்ந்தது. செருப்புக்குள் கால் விரல்கள் புரண்டன. அவர் சும்மாதான் உட்கார்ந்திருந்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். இருவரும் வீட்டுக்குப் போகாமல் பெஞ்சில் உட்கார்ந்தோம். "நீயும் பாத்துட்டியா?" என்றார். "எனக்கு ஒரு மாசமாத் தெரியும்."

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட் வயது, கூமாப்பட்டிக்காரர் பந்தியில் சொன்னது, ஐந்து வருஷமாக நான் வாயை மூடிக்கொண்டிருந்தது, எல்லாம். என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. "ஏட்டி, அஞ்சு வருசமா எம் மூஞ்சியப் பாத்துப் பேசிக்கிட்டுத்தான வந்த?" என்று கேட்டுவிட்டு எழுந்து கொஞ்ச தூரம் போனார். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"அன்னைக்கு முப்பத்தேழுன்னு நீ சொல்லாட்டி, வேற யாரையாவது சொல்ல வச்சிருப்பேன்ட்டி. அம்புட்டு ஆசை எனக்கு" என்றார். "ஏழு வருசம் நிம்மதியா ஒறங்கியிருக்கேன். அது போதும். இனிம என் பாடு இல்ல. அவ பாடுதான்."

பிள்ளைக்கு அப்போது ஆறு வயது. "அவளுக்கு நீதான் சொல்லணும். அவிய அப்பா சொல்ல மாட்டாவ, அழுதிருவாவ. இப்பம் சொல்லிராத. பயந்து பயந்து வளர வேண்டாம், என்னைய மாதிரி. அதுக்காக என்னைய மாதிரி பிள்ளை பெத்த பொறவும் தெரிய வேண்டாம்."

"எந்த வயசுலக்கா சொல்ல?"

"எம் வயசையே கணக்குப் போட்டவதான நீ? பாத்துச் சொல்லு" என்றார். குத்திச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு இன்றைக்கும் அது குத்துகிறது.

அவர் போய்ச் சேர்ந்து பல வருஷங்கள் ஆகின்றன. அந்தப் பெண்ணிடம் அம்மாவுக்கு நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி வைத்திருந்தோம். பதினெட்டில் சொல்லலாம் என்றிருந்தேன், அப்போது பரீட்சை. இருபதில் சொல்லலாம் என்றிருந்தேன், அப்போதுதான் வேலை கிடைத்துச் சிரித்த முகமாக வந்தாள். எந்த வயதும் எனக்குச் சரியாகப் படவில்லை. இருபத்திமூன்று முடிந்தபோது மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மறுநாள் அவளை வரச்சொல்லி, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். அம்மா, மாமா, தாத்தா, பாதிக்குப் பாதி என்பது, இப்போது ரத்தம் எடுத்து முன்கூட்டியே பார்த்துச் சொல்கிறார்கள் என்பது, பார்ப்பதும் பார்க்காததும் உன் இஷ்டம் என்பது, எல்லாம் சொன்னேன். என் தப்புக் கணக்கையும் ஒளிக்கவில்லை.

அவள் அழவில்லை. என் சேலை முந்தானையின் நுனியைப் பிடித்துச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். அவள் அம்மாவின் விரல்கள் அப்படியே. நான் அதைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன்.

"அம்மாவுக்கு முழுசாத் தெரிஞ்சிருந்தா என்னையப் பெத்திருக்க மாட்டாங்கல்ல?"

"மாட்டாவ."

"அப்பம் நீங்க அன்னைக்குச் சரியாச் சொல்லியிருந்தா நானே இல்ல. அப்படித்தான சித்தி?"

"ஆமாட்டி" என்றேன்.